ஏறி இறங்காத சத்தம்

காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ் என் கணவரை உத்திரமேரூரில் இறக்கிவிடும். அங்கே நிறுத்தி வைத்திருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு, திருப்புலிவனம் பக்கம் இருக்கும் எங்கள் காலனிக்கு வந்து சேரப் பத்து நிமிஷம் போதும். அன்றைக்கு எட்டரை ஆகியும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எதிரே வேறு யாருடையதோ வண்டி வந்தது. பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். இரண்டு விரல்களில் தடிமனான வெள்ளைக் கட்டு.

"ஒண்ணும் இல்ல. நகம் போயிடுச்சி, அவ்ளோதான்" என்று இறங்கும்போதே சொன்னார்.

வண்டி ஓட்டி வந்தவர் கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் நிற்பவர். அவர் என்னிடம் மறைக்கவில்லை. "நின்னுகினே தூங்கிட்டான் தங்கச்சி. சென்சார் மட்டும் மெஷின நிறுத்தலன்னா கை மொத்தமா போயிருக்கும். சூப்பர்வைசர் எழுதி வச்சிட்டாரு. இன்னொரு வாட்டி ஆச்சின்னா லைன்ல நிக்க வுடமாட்டாங்க."

என் கணவர் அவரை முறைத்தார். வண்டி ஓட்டி வந்தவர் போன பிறகு நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஏன் தூங்கினாய் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். காரணம் ஜன்னலோரம் என் மேஜைமேல், ஒரு செருப்புப் பெட்டி அளவில் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு ஒரகடத்தில் தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ் லைனில் வேலை. நாலு மாதமாகத் தொடர்ந்து நைட் ஷிஃப்ட். பகலில் தூங்கினால்தான் உண்டு. எனக்கோ பகலில்தான் வேலை. கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்பே கணினிக்குள் கட்டிக் காட்டுவேன். சுவர், படிக்கட்டு, ஜன்னல் வழியாக விழும் வெயில், அந்த வெயிலில் தரையின் பளபளப்பு எல்லாவற்றையும் வைத்து, உள்ளே நடந்து போவதுபோல ஒரு படம் செய்து கொடுப்பேன். சென்னையில் இருக்கும் கட்டட வடிவமைப்பாளர் மேடம் ஒருவர் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார். கல்யாணத்துக்கு முன் அவருடைய ஆபீஸிலேயே வேலை செய்தேன். கல்யாணமாகி இங்கே வந்ததும் வீட்டிலிருந்து செய்கிறேன்.

மாதத்தில் இரண்டு தடவை, மேஜைமேல் இருக்கும் அந்தக் கணினி மெஷினை முதுகுப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். அதனால்தான் பாகம் பாகமாக வாங்கி, இருப்பதிலேயே சின்னப் பெட்டியில் நானே பூட்டினேன். பெரிய மெஷினின் பலம் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. கூடவே அதன் சூடும் அடங்கியிருந்தது. கணக்குப் போட்டுப் படம் எடுக்கும் வேலையை ரெண்டர் என்பார்கள். அது ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் உள்ளே இருக்கும் சின்ன ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து மிக்ஸிபோலக் கத்தும்.

எங்கள் வீடு அரசாங்கத் தொகுப்பு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் ஒரு பக்கம் கட்டில், இன்னொரு பக்கம் என் மேஜை. நடுவில் எட்டு அடி இருக்கும். அவர் இல்லாத இரவில் ரெண்டர் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கோடையில் இரவானால் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் டக்கென்று நிறுத்திவிடும். மேலும், பகலில் அந்த மேடம் போனில் "அந்தச் சுவரை மாத்து, இந்த லைட்டைக் கூட்டு" என்று சொல்லச் சொல்ல அப்போதே செய்து காட்ட வேண்டும். என் கணவர் தன் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தார். பள்ளிக்கூட லீவு, அங்கே நாலு பிள்ளைகள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனியில் எட்டு மணி நேரமும் காதடைப்பான் போட்டுப் போட்டுக் காதுக்குள் புண்ணாகியிருந்தது. துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தூங்குகிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை ராத்திரி திரும்ப லைனில் நிற்க வேண்டும். அதே திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு நான் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வாரத்துக்குள் மெஷின் வாயை அடைக்காவிட்டால் அவர் மறுபடி தூக்கமில்லாமல் பிரஸ் முன்னால் போய் நிற்பார்.

முதல் நாள் சுலபமான வழியைப் பார்த்தேன். ஃபேன்களின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். கூடம் அமைதியானது. பெருமையாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். பதினைந்து நிமிஷம்தான். சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி நூறைத் தொட்டது, திரை இருண்டுவிட்டது. மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொண்டது. அதுவரை செய்த மாற்றங்களில் முக்கால் மணி நேர வேலை போய்விட்டது. பெட்டியின் மேல் கையை வைத்தேன், தோசைக்கல்லைத் தொட்டதுபோல வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், நீளமான ஒயர் போட்டுப் பெட்டியை வாசலில் ஸ்டூல்மேல் வைத்தேன். பக்கத்துக் கழனியில் அன்றைக்கென்று பார்த்து அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் பெட்டியின் வலைமேல் வைக்கோல் தூசி ஒரு விரல்கடை படிந்துவிட்டது. துடைத்து உள்ளே தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குத் தும்மலோடு அழுகையும் வந்தது. அவர் கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, "எதுக்கு இத்த தூக்கிகினு அலையற? நான் தூங்கிக்கினுதான கீறன்" என்றார்.

புதன்கிழமை வேறு ஒன்று செய்தேன். லீவிலும் அவர் பழக்கத்தில் பகலில்தான் படுத்தார். எந்தச் சத்தத்துக்கு அவர் புரள்கிறார் என்று தெரிந்தால் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு நோட்டில் நேரம், மெஷின் என்ன செய்கிறது, அவர் என்ன செய்கிறார் என்று எழுத ஆரம்பித்தேன். ஒன்பதரைக்கு ஃபேன் குறைந்த வேகம், அசையவில்லை. பத்து ஐம்பதுக்கு ரெண்டர் ஆரம்பம், அசையவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு முழு வேகம், காது வலிக்கும் சத்தம், அசையவே இல்லை. எழுத எழுத எனக்கு மனசு லேசானது. இந்தச் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன், லைனில் தூங்கினதற்கு வேறு காரணம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ரெண்டர் முடிந்து ஃபேன்கள் மெல்ல அடங்கின. கட்டிலிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "முடிஞ்சிடுச்சா?" என்று அவர் கேட்டார்.

தூங்கி எழுந்தவர் குரல் இல்லை அது. ரொம்ப நேரமாகக் காத்துக்கொண்டிருந்தவர் குரல்.

"நீ தூங்கலியா மாமா?"

"தூங்கிகினுதான் இருந்தன்."

"பொய் சொல்லாத. எத்தினி நாளா இப்படி?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. கையிலிருந்த நோட்டைக் கட்டில்மேல் வீசினேன். "கண்ண மூடிக்கினு படுத்துக்கினா தூங்கறதா? நாலு மாசமா நான் இன்னான்னு நெனச்சிக்கினு இருந்தன்? கை போயி வந்து நின்னிருந்தா நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?" என்று கத்தினேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்படி நான் கத்தியதில்லை. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் திடீரென்று குறைந்தது. கேட்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு நிறுத்த வரவில்லை.

"சொன்னா நீ வேலைய வுட்டுருவ" என்றார் அவர்.

"வுட்டா இன்னா?"

"மெட்ராஸ் ஆபீஸ எனக்கோசரம் வுட்டுட்டு வந்த. இத்தயும் வுடுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, கதிர் அறுத்து, என்னை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். இந்த வேலை என் கையில் இருப்பதில் எனக்கு இருக்கும் பெருமையை நான் வெளியே சொன்னதே இல்லை. அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்து, நாலு மாதம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டே அவராகப் பேசினார்.

"சத்தம் பெருசா கீறது பிரச்சன இல்ல. ஏறுது, எறங்குது. அதான் பேஜார்."

"புரியல."

"லைன்ல நாங்க பாதி வேல காதாலதான் செய்றது. அடைப்பான் வச்சிக்கினாலும் ஒடம்புக்குத் தெரியும். மோட்டார் சத்தம் மாறிச்சின்னா எங்கியோ தகடு சிக்கிகிச்சின்னு அர்த்தம். மாறினவொடனே கை தானா பின்னால வந்துடும். இங்க படுத்துக்கினு கீறப்பவும் அதேதான். உன் மெஷின் சத்தம் மாறும்போதெல்லாம் தூக்கிப்போடுது." தலைக்கு மேலே காட்டினார். "இந்த ஃபேன் கடகடன்னு ஓடுது பாரு. இது எனக்குக் கேக்கறதே இல்ல."

நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் சீலிங் ஃபேன் அந்தத் தெருவிலேயே மோசமான ஃபேன். ஆனால் ஒரே மாதிரிக் கடகடக்கும். நோட்டில் நான் எழுதியது அத்தனையும் வீண். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொன்ன நாலு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. நாலு மாதத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து ஸ்கேலால் அளந்தேன். உள்ளே நடுவில் ஒரு தகடு இருக்கும். ஒரு பக்கம் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, இன்னொரு பக்கம் கணக்குப் போடும் பிராசஸர். பிராசஸர் பக்கம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் அங்கே சூட்டை எடுக்கும் தட்டையான ஒரு கூலரும், அதன்மேல் உள்ளங்கை அளவு ஃபேனும் வைத்திருந்தேன். சின்ன ஃபேன் காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் கத்த வேண்டும். என் கார்டு அவ்வளவு தடிமன் இல்லை. அந்த நடுத்தகட்டைக் கழற்றி ஒரு துளை தள்ளிப் பூட்டினால் பிராசஸர் பக்கம் ஏழு சென்டிமீட்டர் கிடைக்கும் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. ஏழுக்குள் அடங்கும் உயரமான கூலர் கிடைத்தால் அதன்மேல் பெரிய ஃபேன் போடலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினேன். ஒரு நாள் முழுதாகப் போகும், ரெண்டர் நிற்கும் என்று தெரிந்தேதான் போனேன். கணினிப் பாகங்கள் விற்கும் தெருவில், முன்பு கார்டு வாங்கின கடைக்கே போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை எடுக்கும் கூலர்.

"உங்க பக்கத்து வெயிலுக்கு லிக்விட்தான் மேடம். கண்ண மூடிக்கினு வாங்குங்க."

"ஓட்டிக் காட்டுங்க. சத்தம் கேக்கணும்."

அவர் சிரித்தார். "இங்க எல்லாரும் கலர் லைட்டு பாக்கத்தான் வருவாங்க. கேக்கணும்னு யாரும் வந்ததில்ல."

கடைக்குள் இருந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. பின்னால் இருந்த ஸ்டோர் ரூமில் அதே கூலர் பூட்டின மெஷின் ஒன்று சர்வீஸுக்கு வந்திருந்தது. கெஞ்சிக் கேட்டதில் அங்கே ஏ.சி.யை நிறுத்திக் கதவைச் சாத்தினார். ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாகத்தான் இருக்கிறது என்று எழுந்திருக்கப் போனேன். அப்புறம் மெல்லிசாக ஒரு ரீங்காரம் காதில் விழுந்தது, தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டாருடையது. கேட்டுவிட்ட பிறகு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கொசு காதோரம் வந்து போகாமலே நிற்பதுபோல இருந்தது. அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவர் சொன்ன கணக்குப்படி சரிதான். ஆனால் இதில் அவர் தூங்குவாரா?

போன் போட்டு அவரைக் கூப்பிட்டு, போனை மெஷின் பக்கத்தில் வைத்தேன். "கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சன்" என்றார். போன் அந்தச் சத்தத்தை வடிகட்டிவிட்டிருக்கிறது.

நானேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் அந்த அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலைக்குள் வலித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு உயரமான காற்றுக் கூலரைக் கேட்டேன். அளந்து பார்த்தால் ஆறே முக்கால் சென்டிமீட்டர். எனக்கு இருப்பது ஏழு.

"பொருந்தலன்னா திருப்பி எடுக்க மாட்டோம் மேடம். முழு வேகத்துல ஓட்டினா இதுவும் கத்தும், அதையும் சொல்லிட்றேன்."

"முழு வேகத்துல ஓட்ட மாட்டேன். ஒரே வேகத்துல வச்சிடுவேன்."

"அப்ப சூடு?"

"மெஷினுக்குப் போற கரண்ட்ட கொறச்சி வச்சிக்கிறேன். கொஞ்சம் மெதுவா வேலை செய்யட்டும்."

"அவ்ளோ பவர் வாங்கிட்டு மெதுவா ஓட்டுவீங்களா?" என்று என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி பஸ் செங்கல்பட்டைத் தாண்டும் வரை என்னோடு வந்தது. ஒவ்வொரு பாகமாக ஆசைப்பட்டு வாங்கின மெஷின் அது. அதன் கழுத்தை நானே பிடிக்கப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டில்மேல் பழைய வேட்டியை விரித்து எல்லாவற்றையும் பிரித்தேன். பழைய கூலரை எடுத்தபோது அடியிலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்ந்தது. நடுத்தகட்டின் திருகுகளில் ஒன்று வரவே மறுத்தது. அதற்கு மட்டும் அரைமணி. என் கணவர் இடது கையால் போன் வெளிச்சம் பிடித்தார். புதுக் கூலர் உட்கார்ந்தது. மேலே மூடுகிற இடத்தில் மெதுவாகச் சுற்றும் இரண்டு மெல்லிய ஃபேன்களைப் பூட்டினேன். பக்கத்து மூடியை வைத்து அழுத்தினேன். மூடிக்கும் கூலரின் ஃபேனுக்கும் நடுவில் ஒரு காகிதம் போகும் இடைவெளி. மூடிக்கொண்டது. எனக்கு மூச்சு வந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் சுற்றின. திரை வரவில்லை.

அணைத்துப் போட்டேன். வரவில்லை. மெமரியைக் கழற்றி மாட்டினேன். வரவில்லை. பேஸ்ட் எங்காவது வழிந்துவிட்டதா, கூலரை இறுக்கும்போது எதையாவது நசுக்கிவிட்டேனா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதுகில் வியர்வை ஓடியது. திங்கட்கிழமைப் படத்தில் பாதிகூட முடியவில்லை. மெஷினே போய்விட்டால் படமும் இல்லை, வேலையும் இல்லை, அவர் சும்மா நாலு மாதம் விழித்திருந்ததுதான் மிச்சம். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"போதும் நிறுத்து" என்றார் அவர். "நாங்க மெஷின் நின்னா எல்லாத்தயும் கழட்ட மாட்டோம். கடைசியா எத்த அசைச்சோமோ அங்கதான் பாப்போம். நீ எத்த அசைச்ச?"

"எல்லாத்தயும்தான்."

"கூலர் புதுசு, அதுக்கும் திரைக்கும் சம்மந்தம் இல்லன்னு நீதான் சொன்ன. எடம் மாறினது எது?"

நடுத்தகடு. அதோடு சேர்ந்து கார்டு. கார்டையும் போர்டையும் சேர்ப்பது பட்டையான ஒரு நாடா ஒயர். தகட்டைத் தள்ளியபோது அது வளைந்து ஒரு முனை அரைகுறையாகக் கிளம்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலால் தடவினால்தான் தெரிந்தது. அழுத்தினேன். சின்னதாக 'டக்' என்றது. சுவிட்சைப் போட்டதும் திரை வெளுத்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் போய் டீ போட்டார். ஒரு கையால் போட்டதால் பாதி அடுப்பில் சிந்தியிருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை முழுக்க ஒரே வேலை. ஃபேன்கள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நிறுத்தி வைத்தேன், கார்டில் இருந்தவற்றையும் சேர்த்து. பிறகு மெஷின் இழுக்கும் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். முழுதாக ஓடவிட்டால் மறுபடி நூறுக்குப் போனது. கொஞ்சம் குறைத்தால் தொண்ணூறு. முப்பது சதவீதம் குறைத்தபோது, வெளியே மே மாத வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் எண்பத்து மூன்றில் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஏறவில்லை. சத்தம் சீலிங் ஃபேனின் கடகடப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆனால் நாலு நிமிஷத்தில் வந்த ஒரு படச்சட்டத்துக்கு இப்போது ஐந்து நிமிஷம் ஆனது. மிச்சமிருப்பதைக் கணக்குப் பார்த்தேன். திங்கட்கிழமை பன்னிரண்டுக்கு முடியாது. ராத்திரியும் விடாமல் ஓட்டினாலும் நாலு மணி ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை.

பழையபடி முழு வேகத்துக்கு ஏற்றிவிட்டு, இரண்டு நாள் மட்டும் கத்தட்டும் என்று விடலாமா? விரல் அந்தப் பட்டன் வரை போனது. அவர் கட்டிலில் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மேடத்தைக் கூப்பிட்டேன்.

"நாலு மணியா? பன்னெண்டுக்கு ஆஸ்பத்திரி டிரஸ்டீஸ் வர்றாங்கன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மேடம். மெஷின் வேகத்தக் கொறைச்சிட்டேன்."

"ஏன் கொறைச்சே?"

சாக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மெஷின் ரிப்பேர் என்றால் முடிந்தது. ஆனால் வாயில் வந்தது நடந்ததுதான். நைட் ஷிஃப்ட், பிரஸ், விரல், எட்டு அடித் தூரத்தில் கட்டில் எல்லாம் சொன்னேன்.

"வாசல், ரிசப்ஷன், ஐ.சி.யூ. போற வழி. இந்த மூணும் பன்னெண்டுக்கு வந்தாகணும். மீதி சாயங்காலம் குடு, நான் பேசிக்கறேன்" என்றார். பிறகு, "இனிமே முன்னாடியே சொல்லு. கடைசி நேரத்துல இந்த மாதிரி வேண்டாம்" என்றார். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிறு இரவு வோல்டேஜ் இறங்கி மெஷின் இரண்டு முறை நின்றது. திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அந்த மூன்றையும் அனுப்பினேன். மீதி போய்ச் சேர ஐந்தாகிவிட்டது. ஆறு மணிக்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். விரலில் இப்போது சின்னக் கட்டுதான். நான் வழக்கம்போல டிபன் பாக்ஸைக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சரியான நேரத்துக்கு வந்தார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். நாஷ்டா சாப்பிட்டுப் படுத்தார். துண்டை எடுத்துத் தலையில் சுற்றப் போனவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கால்மாட்டில் போட்டார். ஒன்பதுக்கு நான் மெஷினைப் போட்டேன். புதிய வேலை, ஒரு பள்ளிக்கூடம். ரெண்டர் ஆரம்பித்தபோது திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. ஆனால் போன வாரமும் சீராகத்தான் இருந்தது. அவர் எவ்வளவு நன்றாகத் தூங்குவதுபோலக் கிடப்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். குனிந்து பார்த்தேன். கூப்பிட்டுப் பார்க்கலாமா, தூங்கினால் எழுந்துவிடுவாரே என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை. வேலையே ஓடவில்லை.

பதினொன்றரைக்குத் தெருவில் காய்கறி வண்டி மைக்கில் கத்திக்கொண்டு வந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடி, "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய்க் கத்துங்க, எங்க வூட்டுல தூங்கறாங்க" என்று கைகூப்பினேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே பார்த்தேன். என் கணவர் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, தலையணையில் எச்சில் வழிய, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யாராலும் அப்படி நடிக்க முடியாது. எச்சிலை நடிக்க முடியாது. நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு எனக்கு எதைத் தொடவும் பயமாக இருந்தது. ஒன்றரைக்கு ரெண்டர் முடிந்தது. எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும் என்று எழவில்லை. பசித்தது, சமையலறைக்குப் போகவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்தும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்களைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் தானாகப் புரண்டு கண்ணைத் திறந்தார். ஜன்னலில் வெயில் இடம் மாறியிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மணி இன்னா?"

"மூணே கால்."

திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "மூணே காலா? ஏன்டீ எழுப்பல? ரேஷன் கடைல இன்னிக்கி பாமாயில் போடறாங்கன்னு வரும்போதே சொன்னாங்க, சீக்கிரம் போவணும்னு நெனச்சிக்கினு படுத்தன். இந்நேரம் தீர்ந்திருக்கும்!"

ரேஷன் கார்டையும் பையையும் தேடிக்கொண்டு, சட்டையை மாட்டியபடியே என்னைத் திட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.